முருகன் முகத்தில் கொப்புளம்

சிவகாசியில் காலண்டர் அச்சடிப்பவர்களுக்குப் புது வருஷம் ஆடிப்பெருக்கு அன்றே பிறந்துவிடும். அடுத்த வருஷத்துப் படங்களை ஆல்பமாகக் கட்டி, பூஜை போட்டு, அன்றுதான் வெளியிடுவோம். ஏஜெண்டுகள் அதைப் புரட்டிப் பார்த்து ஆர்டர் போடுவார்கள். ஒரு வருஷம், அதற்கு முதல் நாள் மதியம், எங்கள் ஆல்பத்தின் முதல் பக்கத்து முருகனுக்கு அம்மை போட்டுவிட்டது.

நான் அங்கே கோட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். அச்சான தாளில் பளபளப்புக்கு வார்னிஷ் பூசுகிற இடம் அது. வாளியிலிருந்து பம்ப் வார்னிஷை மெஷின் ட்ரேக்கு ஏற்றும். மிச்சம் ரிட்டர்ன் ஹோஸ் வழியாக வாளிக்கே திரும்பி விழும். அவசரத்தில் பம்ப்பை முழு வேகத்தில் வைத்திருந்தோம். வாளியில் நுரை பொங்கி, அது தாளுக்கும் போய், காய்ந்ததும் பொடிப்பொடியாய்க் கொப்புளம்.

ஆபரேட்டர் கணேசன் நுரை அடக்கும் மருந்தை மடமடவென்று ஊற்றினான். நுரை அடங்கியது. ஆனால் அந்த மருந்து கூடினால் வார்னிஷ் தாளில் நிற்காமல் வட்டவட்டமாக விலகும். முருகனுக்கு அம்மை இறங்கித் தேமல் வந்தது.

முதலாளி அண்ணாச்சி தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏம்மா ராணி, தேமலு வந்த சாமியை எவன் வீட்டுல மாட்டுவான்?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம் அண்ணாச்சி."

"சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா கோட்டிங் வேலைய வெளிக் கம்பெனிக்குக் குடுத்துருவேன். அப்புறம் இந்த மெஷினு எதுக்கு, நீங்கள்லாம் எதுக்கு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொன்னால் செய்கிற மனுஷர். செக்‌ஷனை மூடினால் எனக்கும் கணேசனுக்கும் தாள் அடுக்கும் பெண்களுக்கும் வேலை போகும்.

கை கழுவப் போனேன். குழாயை லேசாகத் திறந்தேன். தண்ணீர் சத்தமில்லாமல் கண்ணாடிக் கம்பி மாதிரி இறங்கியது. இருந்த எரிச்சலில் முழுக்கத் திருகினேன். வெள்ளை வெளேரென்று சீறி, என் சேலையை நனைத்தது. மூடினேன், மறுபடி திறந்தேன்.

"என்னக்கா, குழாய்ல வெளையாடுறீக? அங்கன அண்ணாச்சி கடுங்கோவத்துல நிக்கிறாக!" என்றான் கணேசன்.

"ஏலே, இதைப் பாருலே. மெதுவா வந்தா கண்ணாடி. அடிச்சுப் பிடிச்சு வந்தா நுரை."

லேமினார், டர்புலண்ட் என்று பி.எஸ்ஸி.யில் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது, குழாயடியில் வந்து கைகொடுத்தது. மெதுவாக ஓடும் திரவம் அடுக்கடுக்காக வழுக்கிப் போகும். வேகம் மிஞ்சினால் அடுக்குகள் கலைந்து சுழலும். விழுகிற இடத்தில் காற்றையும் இழுத்துக்கொள்ளும். வார்னிஷ் தண்ணீரைவிடக் கெட்டி, லேசில் கலங்காது. நாங்கள்தான் மெனக்கெட்டுக் கலக்கியிருந்தோம்: ஒல்லி ஹோஸ், முழு வேகம். போதாததற்கு, வார்னிஷ் ஓடுகிறதா என்று தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று ரிட்டர்ன் ஹோஸை வாளிக்கு மேலே உயரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் கட்டுவார்கள். அதை இறக்கி, வாயை வார்னிஷுக்குள் முக்கிவிடலாம் என்றேன்.

"ஹோஸை உள்ள முக்கிட்டா, ஓடுறது எப்படிக்கா தெரியும்? ட்ரே காஞ்சா இன்னும் வம்பு," என்றான் கணேசன்.

கேள்வி நியாயம்தான். அதனால் உள்ளே ஓடுவது தெரிகிற மாதிரி, அகலமான, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோஸாக வாங்கிவரச் சொன்னேன். அதன் வாயை வார்னிஷுக்குள் முக்கினோம். மருந்து கூடிய வாளியை ஒதுக்கிவிட்டுப் புது வார்னிஷ் ஊற்றினோம். பம்ப் வேகத்தை, ட்ரே நிறைகிற அளவுக்கு மட்டும் வைத்தோம்.

வார்னிஷ் விழுகிற சளசளப்பு நின்றுபோனது. அந்த அமைதியைக் கேட்டு அண்ணாச்சி ஓடிவந்தார்.

"பம்ப்பை ஆப் பண்ணிப்போட்டு என்ன பண்றீக?"

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு அண்ணாச்சி," என்று அப்போதுதான் இறங்கிய தாளை நீட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முருகன் முகம் மொழுமொழுவென்று இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணாச்சி பக்தியோடு தாளைக் கண்ணில் ஒற்றி, நெற்றியிலும் வைத்துக்கொண்டார்.

"ஐயோ, காயலை அண்ணாச்சி!" என்று கணேசன் கத்துவதற்குள் வார்னிஷ் அவர் நெற்றிக்கு வந்துவிட்டது.

எந்த மெஷினில் நுரை கட்டினாலும், அன்றிலிருந்து முதலில் பம்ப்பின் வேகத்தைத்தான் குறைத்துப் பார்ப்பேன். மருந்து டப்பாவைத் தொடுவது அப்புறம்தான். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்.

அண்ணாச்சி நெற்றியைத் துடைக்கவில்லை. முருகனைவிடப் பளபளப்பாக வாசல்வரை போனவர், திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"மெஷினு இங்கனயே இருக்கட்டும்மா."