மாப்ள என்று கூப்பிட்டால்

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ்ஸுக்கு நின்றபோது, பின்னால் எவனோ "ஏ மாப்ள, இங்குட்டு வாடா" என்று கத்தினான். நான் திரும்பவில்லை. குனிந்து காலடியைப் பார்த்தேன்.

எங்கள் நாய்க்குப் பெயர் மாப்ள. நான் எட்டாவது ஃபெயிலான வருஷம் வந்தது. வந்த அன்றே அப்பாவின் நாற்காலியில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. "விருந்துக்கு வந்த மாப்ளயாட்டம் உக்காந்துருக்கான் பாரு" என்றார் அப்பா. அதுவே பெயராகிவிட்டது.

எங்களிடம் குழையும், வெளியாள் என்றால் பாயும். ஒருநாள் பக்கத்து வீட்டுக் குழந்தையின் கன்னத்தைக் கடித்துவிட்டது. குழந்தைக்குத் தையல் போட்டுத் திரும்பிய அம்மா சண்டைக்கு வரவில்லை. "அடுத்து கண்ணுல கடிச்சுருச்சுன்னா என்னண்ணே பண்ணுவேன்?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கே அப்பா நாயை விட வேறு இடம் தேட ஆரம்பித்தார்.

மேலூர்ப் பக்கம் ஒரு கல்குவாரியில் காவலுக்கு நாய் கேட்டிருந்தார்கள். வேனில் ஏற்றிப் போனோம். "மாப்ள மாமியார் வீட்டுக்குப் போறாரு" என்று வழியெல்லாம் கேலி பேசினேன். அப்பா சிரிக்கவில்லை.

"பேரு என்னண்ணே?" என்றார் சங்கிலியை வாங்கிய காவல்காரர்.

"மாப்ளன்னு கூப்புடுங்க. வந்துரும்" என்றார் அப்பா.

அங்கே கல் உடைத்தவர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கள் வேன் கிளம்பும்வரை ஒவ்வொரு குரலுக்கும் அது எழுந்து, சங்கிலி இறுக வாலாட்டி நின்றது. கூப்பிட்ட யாரும் அதன் பக்கம் திரும்பவில்லை.

மேலூர் பஸ் வந்துவிட்டது. பின்னால் அந்த ஆள் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கூப்பிடப்பட்டவன் சீக்கிரம் வந்துவிட வேண்டுமே என்றிருந்தது எனக்கு.