செம்மார்பனுக்கு நான் கட்டிய கதை

செவ்வாய்க்கிழமை காலை வேலணையில் பஸ்ஸுக்கு நின்றபோது எங்கள் பாடசாலையின் பழைய அதிபர் அழைத்து மரணச் செய்தி சொன்னார். "சிவகுரு மாஸ்டர் மோசம் போயிட்டார்." மாஸ்டரும் நானும் அங்கே பதினாறு வருடங்கள் படிப்பித்தோம், அவர் விஞ்ஞானம், நான் தமிழ்.

மாணவருக்காகத் தீவகப் பறவைகளைப் பற்றி இருவரும் ஒரு சிறு நூல் எழுதினோம். பச்சை உடம்பும் மார்பில் சிவப்புத் திட்டுமுள்ள சின்னப் பறவையை எங்கள் பக்கத்தில் செம்மார்பன் என்பார்கள். பெயர்க் காரணமாக மாஸ்டர் எழுதித் தந்தது இவ்வளவுதான்: "மார்பு சிவப்பு என்பதால் இப்பெயர். முதலில் அழைத்தவர் யாரென்று தெரியாது."

எனக்கு அது மொட்டையாகப் பட்டது. நெடுந்தீவில் விழுந்துகிடந்த வீரனின் நெஞ்சிலிருந்து அம்பைப் பிடுங்கப் போய், இரத்தம் பட்டு அப்பறவை சிவந்ததாக எழுதினேன். "முதியோர் சொல்வர்" என்றும் சேர்த்து, அவரைக் கேளாமலே அச்சுக்குக் கொடுத்தேன்.

நூலைப் பார்த்தவர் சத்தம் போடவில்லை. "ஆர் ஐசே அந்த முதியோர்? பேரைச் சொல்லும், போய்க் கேட்டிட்டு வாறன்."

என்னிடம் பெயர் இல்லை. ஆனாலும் அவர் போனார். லீவு நாள்களில் நெடுந்தீவுக்கும் அனலைதீவுக்கும் படகேறி வயதானவர்களைத் தேடித் தேடி விசாரித்தார். ஒருவருக்கும் அக்கதை தெரியவில்லை. "அடுத்த பதிப்பிலை எடுத்துவிடும்" என்றார். ஓம் என்றேன். அடுத்த பதிப்பைக் கொண்டுவர நான் துரும்பையும் அசைக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து மறுபடி நெடுந்தீவு போய்வந்தவரின் முகம் செத்திருந்தது. "இப்ப கிழடுகள் எல்லாம் அந்தக் கதையைச் சொல்லுதுகள். பேரப்பிள்ளையள் புத்தகத்திலை வாசிச்சுக் காட்டினதாம். இனி நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

என்னை அவர் காட்டிக்கொடுத்திருக்கலாம். கடைசிவரை செய்யவில்லை. போன வருடம் கனடாவிலிருந்து அவரது மகன் வேறொரு பறவையின் படம் அனுப்பி, மார்பு சிவப்பாக இருப்பதால் அங்குள்ள எங்கள் சனம் அதையும் செம்மார்பன் என்பதாக எழுதியபோது மட்டும் என்னிடம் காட்டிச் சிரித்தார்: "சிவப்பைக் கண்டால் சனத்துக்கு வாயிலை வாற பேர் இது. இதுக்கு அம்பு என்னத்துக்கு?"

செத்தவீட்டில் இரங்கலுரை ஆற்றிய இளம் ஆசிரியை, "செம்மார்பனின் அம்புக் கதையை ஊரூராகத் தேடிக் கண்டெடுத்தவர் எங்கள் மாஸ்டர்" என்றார். சனம் தலையசைத்தது. எல்லாம் தெரிந்த அவரது மனைவி என்னைப் பார்த்தார். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. சுடலைக்குப் போகும் வழியிலும் ஒருவர் அந்தக் கதையை மெச்சினார்; அதற்கும் தலையாட்டினேன். அந்த வெட்கம் என்னை உறங்கவிடவில்லை.

அம்புக் கதை மாஸ்டருடையதல்ல. முதியோர் யாரும் சொன்னதுமல்ல. பொய், நான் கட்டியது. இதை நீங்கள் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும், மாஸ்டர். போய்வாருங்கள்.