இடுப்பு உயரத்துச் சந்தை

என் தங்கை தன் கையால் செய்த பொருளைக் குப்பை வண்டியில் போட்டவள் நான். அது மழையில் நனைந்துபோயிற்று என்று அவளிடம் பொய் சொன்னவளும் நான்தான். ஐந்து வருடங்கள் இதை ஒருவருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன்... இனி மறைக்க மாட்டேன்.

என்னைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா டில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் ஓரம் வேப்ப மரத்தடியில் துணி தேய்க்கிறார். அம்மா நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறாள். நான் பி.எட். முடித்து ஒரு சிறிய பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இதைச் சொல்லும்போது என் தலை தானாக நிமிரும். அந்தப் பெருமைதான் அன்று என்னை அப்படிச் செய்யவைத்தது.

டில்லிப் பள்ளிகளில் கோடை விடுமுறைக்கும் வீட்டுப்பாடம் உண்டு. அட்டையிலோ தெர்மகோலிலோ ஏதாவது செய்து கொண்டுபோக வேண்டும். பெரும்பாலும் அதைச் செய்பவர்கள் வீட்டிலுள்ள பெரியவர்கள்தான். அந்த வருடம் மூன்றாம் வகுப்பிலிருந்த என் தங்கை மல்லிகாவுக்குக் கொடுத்த தலைப்பு, 'என் ஊர்'.

அவள் யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. ஒரு பழைய அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு பத்து நாள் என்னவோ செய்தாள். பிறகு என்னை அழைத்துக் காட்டினாள். சரோஜினி நகர் மார்க்கெட்! தையற்கடை வெட்டுத் துண்டுகளில் பாவாடைகள், பேன்ட்டுகள். ஐஸ்குச்சிகளில் கால்கள். தொங்கும் பைகள். நாற்பது பேராவது இருப்பார்கள். ஒருவருக்கும் இடுப்புக்கு மேலே ஒன்றும் இல்லை!

"தலையெல்லாம் எங்கடி?"

"எனக்கு எப்டிக்கா தெரியும்? நான் போறப்போ இவ்ளோதான் தெரியுது. மேல பாத்துக்கிட்டே நடந்தா இடிச்சுத் தள்ளிடுவாங்க."

என்ன கண் அது! எட்டு வயதுப் பெண், தான் கண்டதைக் கண்டபடியே செய்திருந்தாள். இன்று புரிகிறது... அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கோணல் வெட்டும், வழிந்த பசையும், வகுப்பு சிரிக்கப்போகும் சிரிப்பும்தான். இஸ்திரிக்காரர் பெண்ணுக்கு இவ்வளவுதான் வரும் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவளுக்காகவா பயந்தேன்? எனக்காகவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, மல்லிகா அம்மாவோடு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் புளி வாங்கப் போயிருந்தாள். குப்பை வண்டி வந்தது. பெட்டியோடு தூக்கிக் கொடுத்தேன். வண்டிக்காரருக்கே சந்தேகம். "யே பீ, தீதி?" இதையுமா அக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

முந்தின நாள் இரவு பெய்த மழை என் பொய்க்கு வசதியாக அமைந்தது. நனைந்து ஊறிப்போன பெட்டியை எறிந்துவிட்டேன் என்றேன்.

மல்லிகா அழவில்லை. "ஜன்னல்கிட்ட வெச்சது என் தப்புதான்க்கா" என்றாள். அந்தப் பழியையும் அவள்மேலேயே இருக்கவிட்டேன்!

இரண்டே நாளில் அளவுகோல் வைத்து வெட்டித் தெர்மகோலில் ஓர் இந்தியா கேட் செய்தேன். முதல் பரிசு வந்தது. அம்மா வேலைசெய்யும் வீடுகளிலெல்லாம் சொல்லி மகிழ்ந்தாள்.

அதன்பின் மல்லிகா எதையும் தானாகச் செய்யவில்லை. படம் வரைய வேண்டுமென்றால், "மாதிரி காட்டுக்கா." கட்டுரை என்றால் முதல் வரியை நான் சொல்ல வேண்டும். சப்பாத்திக்கு மாவு உருட்டினால்கூட, "இது சரியாக்கா?" நானோ என் பள்ளியில் ஒவ்வொரு மே மாதமும் தாய்மார்களிடம் சொல்கிறேன்: பிள்ளைகளே செய்யட்டும், கோணலாக இருந்தால் இருக்கட்டும் என்று. எந்த வாயால் சொல்கிறேன், பாருங்கள்!

இந்த ஜூனில் ஒரு பெரிய வெள்ளை அட்டையை என் முன் வைத்தாள். இப்போது எட்டாம் வகுப்பு.

"நீயே பண்ணிடுக்கா. உன்னோடதுதான் அச்சா இருக்கும்."

அப்போதுதான் சொன்னேன். எல்லாவற்றையும்.

அட்டையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்போ மழைல நனையலையா?" என்றாள்.

"இல்லடி."

"அதுல பச்சைச் செருப்பு போட்ட கால் ஒண்ணு இருந்துச்சு. அது நீதான். உன் கையைப் புடிச்சுக்கிட்டுதானே நான் மார்க்கெட்டுக்கு வருவேன்."

நான் அதைக் கவனிக்கவே இல்லை. நாற்பது பேருக்கும் தலை இருக்கிறதா என்று மட்டுமே பார்த்திருக்கிறேன்!

மன்னிப்புக் கேட்டேன். "சரி, இப்போ இதைப் பண்ணிக் குடு" என்று அட்டையை என் பக்கம் நகர்த்தினாள்.

முடியாது என்றேன்.

அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா பொரிந்து தள்ளினாள். "என்ன திமிருடி உனக்கு? கெடுத்ததும் நீ, இப்போ பண்ண மாட்டேங்கறதும் நீ! படிச்ச கை தேஞ்சா போயிடும்?"

அம்மா சொன்னதில் தவறில்லை. ஆனாலும் நான் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. துணி, குச்சி, பசை எல்லாம் வாங்கி அவளுக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். அவள் அட்டை முன்னால் உட்கார்ந்து, வெறுமனே எழுந்துபோன ஒவ்வொரு நாளும் என் விரல்கள் துடித்தன... தொடவில்லை. யோசனை சொல்வதும் தொடுவதுதான் என்று வாயையும் மூடிக்கொண்டேன். இன்னும் எத்தனை விடுமுறை வந்தாலும் இப்படித்தான் இருக்கப்போகிறேன். அவள் என்னை வெறுத்தாலும்!

ஜூலையில் வெற்று அட்டையோடு பள்ளிக்குப் போனாள். வேலையைச் செய்யவில்லை என்று டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள். பெற்றோருக்கான இடத்தில் எங்கள் வீட்டில் நான்தான் போடுவேன்.

அந்தச் சிவப்பு வரிக்குக் கீழே என் முழுப் பெயரை எழுதினேன். மல்லிகா டைரியை வாங்கிப் பைக்குள் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.