முக்கோணக் கம்பிக்காரர்

போன ஞாயிற்றுக்கிழமை கேபிளில் அந்தப் பழைய கோட்டு பேண்டு வாத்திய நிகழ்ச்சி மறுபடியும் வந்தது. நான் நாற்காலியை டி.வி.க்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டதைப் பார்த்து நீ கேட்டாய்: "இதுல அப்படி என்னதாம்ப்பா இருக்கு? கருப்பு வெள்ளையில ஏழு பேரு ஒருத்தன் மேல ஒருத்தன் விழுதான். இன்னும் எம்புட்டு நாளைக்கு இதுக்குச் சிரிப்பீக?"

அது பேசி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் நீயும் அக்காவும் படிக்கிற மாதிரி எழுதி வைக்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். தப்பு இருந்தால் திருத்திக்கொள்.

உன் அம்மா இன்றைக்கும் ஒன்றைச் சொல்லிக் குறைபட்டுக்கொள்வாள். மில்லில் மேஸ்திரி வேலை என்னைத் தேடி வந்தது. நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று அவளுக்கு இதுவரை சரியாகச் சொன்னதில்லை. அந்தக் காரணமும் இந்த பேண்டில்தான் இருக்கிறது.

நீ அப்போது தொட்டிலில் கிடந்தாய். ராஜபாளையத்தில் ஒரு வளவுக்குள் குடியிருந்தோம். எட்டு வீடு, ஒரு தண்ணீர்க் குழாய். முன்னால் இருந்த பெரிய வீடு வீட்டுக்காரருடையது. அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். நம் பக்கத்துக்கு டி.வி. கோபுரம் வருவதற்கு முன்பே மொட்டை மாடியில் நீளமான இரும்புக் குழாயை நட்டு, அதன் உச்சியில் ஆண்டெனா மாட்டி, இலங்கை டி.வி.யைப் பிடித்துவிட்டார் அவர். மலையிலிருந்து சாரல் காற்று அடித்தால் படம் ஆடும், சத்தம் இரைச்சலாகிவிடும். ஆனாலும் ஞாயிறு சாயங்காலம் கதவைத் திறந்து வைத்து, "ரண்டி ரண்டி, உங்க பேண்டு செட்டு வந்தாச்சு" என்று எங்களைக் கூப்பிடுவார்.

ஏழு வெள்ளைக்காரர்கள். எந்த நாட்டுக்காரர்கள் என்று இன்றைக்கும் தெரியாது. எல்லோரும் கோட்டு போட்டிருப்பார்கள். ஒருவர் டிரம்பெட், ஒருவர் பிடில், ஒருவர் மலைப்பாம்பு மாதிரி உடம்பைச் சுற்றிக்கொண்ட பெரிய குழல். இன்னொருவர் நெளிநெளியான தகரத்தை நெஞ்சில் தொங்கவிட்டு விரலால் சுரண்டுவார். இடையில் நாற்காலி உடையும், ஆனால் தாளத்தில் உடையும். ஒருவர் தலையில் ஒருவர் குழலால் இடிப்பார், அந்த இடியும் சரியாகத் தாளத்தில் விழும். ஏழு பேரில் ஒருவர்கூடச் சிரிக்க மாட்டார். ஆபீஸ் வேலை பார்ப்பது போல முகத்தை வைத்திருப்பார்கள். மொழி தெரியாதவனுக்கும் அது புரியும். நல்ல வாத்தியக்காரனால்தான் அத்தனை சுத்தமாகக் கெடுத்து வாசிக்க முடியும் என்று வீட்டுக்காரர் சொல்வார்.

எனக்குப் பிடித்தது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒல்லிக்காரர். அவர் கையில் முக்கோணமாக வளைத்த ஒரு கம்பி, அதை அடிக்க ஒரு குச்சிக் கம்பி. அவ்வளவுதான். பாட்டு முழுக்கச் சும்மா இருப்பார். கண்ணாடியைத் துடைப்பார், ரொட்டி தின்பார், பேப்பர் படிப்பார். கடைசியில் மற்ற ஆறு பேரும் சட்டென்று நிறுத்தி அவரைப் பார்ப்பார்கள். அவர் எழுந்து, கோட்டைக் கீழே இழுத்துவிட்டு, கம்பியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரே ஒரு தட்டு தட்டுவார். சத்தமே வராது. ஆனாலும் குனிந்து வணக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். மற்றவர்கள் பெரிய காரியம் முடிந்தது போல மறுபடி வாசிக்க ஆரம்பிப்பார்கள்.

எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கூடத்தில் எல்லோரும் அதே இடத்தில்தான் சிரிப்பார்கள்.

நான் மில்லில் ரிங் பிரேம் பகுதியில் வேலை பார்த்தேன். எட்டு மணி நேரமும் நடைதான். இரண்டு பக்கமும் வரிசையாகச் சுழலும் ஸ்பிண்டில் கம்பிகளில் நூல் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று அறும், ஒட்டுவேன். திரும்பினால் இன்னொன்று அறுந்திருக்கும். ஷிப்டு முடியும்போது கை செய்த வேலை எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. அறாத நூலை யாரும் நின்று பார்ப்பதில்லை. வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் கெண்டைக்கால் தானாகத் துடிக்கும். அப்படி இருந்தவனுக்கு, சத்தம் வராத ஒன்றை அத்தனை அக்கறையாக அடித்துவிட்டு, யாரையும் குறை சொல்லாமல் உட்காருகிற மனிதரைப் பார்த்தால் எங்கள் செட்டில் ஒருவர் மாதிரி இருந்தது.

அந்த வருஷம் எங்கள் பகுதியின் பெரிய மேஸ்திரி ஓய்வு பெறப் போகிறார் என்று பேச்சு வந்தது. ஒரு நாள் கேண்டீனில் டீ குடிக்கும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏலே, எனக்குப் பொறவு உன்னையப் போடச் சொல்லியிருக்கேன். தை மாசம் ஆபீஸ்ல கூப்பிடுவாக. ராத்திரி ஷிப்டு கெடையாது. பகல்தான்."

"நான் என்னண்ணே செய்யணும்?"

"காதைத் தீட்டி வச்சுக்கிட்டு நடக்கணும். அம்புட்டுதான். ஒரு ஸ்பிண்டில் எண்ணெ இல்லாமக் காஞ்சா கீச்சுன்னு கத்தும். கேட்டா எண்ணெ விடு. கேக்கலைன்னா சூடேறிப் பஞ்சுல தீப்பிடிச்சிரும். உள்ள முப்பது பேரு நிப்பாக."

வீட்டில் சொன்னதும் உன் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ராத்திரி ஷிப்டு முடித்து நான் பகலில் தூங்கும்போது அக்காவைச் சத்தம் போடாமல் நடக்க வைப்பதும், நீ அழுதால் உன்னைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடுவதும் அவளுக்குப் பெரிய பாடாக இருந்தது. "இனிமே நம்ம வீட்டுலயும் பகல்ல மனுச மக்க பேசலாம்" என்றாள். சொந்தத்தில் எல்லோருக்கும் சொல்லியும் விட்டாள்.

மார்கழி பிறக்கும் முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் சித்தி கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு பேண்டு செட்டு வந்து தேரடிக்குப் பக்கத்தில் நின்றது. மாப்பிள்ளையின் கார்தான் வரவில்லை. காத்திருக்கிற நேரத்தில் உன் மாமா, "அத்தான், அந்தக் கோட்டு பேண்டு பாப்பீகளாமே. ஒல்லிக்காரரு மாதிரி செஞ்சு காட்டுங்க" என்றான்.

கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரைத் தூக்கிப் பிடித்தேன். சட்டையைக் கீழே இழுத்துவிட்டேன். பக்கத்தில் கிடந்த ஒரு கரண்டியை எடுத்து ஓங்கி, டம்ளரில் படாமல் ஒரு விரற்கடை தூரத்தில் நிறுத்தினேன். பிறகு குனிந்து வணக்கம் வைத்தேன்.

யாரும் சிரிக்கவில்லை.

"அடிங்க அத்தான்" என்றான் மாமா.

"அடிச்சாச்சுலே. அவரு அடிப்பாரு, சத்தம் வராது. அதுதான சிரிப்பு."

"சத்தம் வராதா? டிங்குன்னு கேக்கும்ல. அம்புட்டு ஆர்ப்பாட்டம் பண்ணிட்டு மூக்குத்தி கீழ விழுந்தாப்புல ஒரு டிங்கு. அதுக்குத்தான நாங்க சிரிக்கோம்."

"எங்க வளவு டி.வி.ல சத்தம் சரியா வராதுப்பா."

பக்கத்தில் நின்ற ஒருவர், "மில்லு மாப்பிள்ளைக்குக் காதுல பஞ்சு அடைச்சிருக்கு போல" என்றார். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். பூ கட்டிக்கொண்டிருந்த உன் அம்மா தலையை நிமிர்த்தினாள்.

அக்காவுக்கு அப்போது பத்து வயது. அவள் முன்னால் வந்து, "மாமா, அப்பா வேணும்னே மாத்திச் சொல்லுதாக. நீங்க முழிக்கீகளான்னு பாக்காக" என்றாள். பேச்சு அப்படியே மாறியது. "அத்தான் கெட்டிதான்" என்று மாமா என் முதுகில் தட்டினான். கார் வந்தது, பேண்டு அடிக்க ஆரம்பித்தது. டிரம் நெஞ்சில் இடித்தது. தாளத்தட்டு இரண்டையும் ஒருவர் மோதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முதல் தடவையாக, அது எனக்கு எவ்வளவு கேட்கிறது என்று கவனித்தேன்.

ராஜபாளையம் திரும்புகிற பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். மறுநாள் காலை நான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். அந்த சைக்கிளுக்கு இரண்டு தடவை பெல் மாற்றியிருந்தேன். அடிக்கவில்லை என்று கொண்டுபோனால் கடைக்காரர், "இதுக்கு என்ன கேடு, நல்லாத்தான அடிக்கி" என்பார். அவர் ஏமாற்றுகிறார் என்று நினைத்திருந்தேன்.

அக்கா பெல்லின் மேல் கட்டைவிரலை வைத்தாள். விரல் அசைந்தது.

"கேக்காப்பா?"

"கேக்குதே."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "நான் இன்னும் அடிக்கவே இல்லப்பா" என்றாள்.

பிறகு அடித்தாள். பெல்லின் மூடி நடுங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், நடுக்கம் கையில் ஏறியது. காதுக்கு ஒன்றும் வரவில்லை. பேச்சு கேட்டது, டிரம் கேட்டது, லாரி கேட்டது. மெல்லிசான கூர்மையான சத்தம் மட்டும் போய்விட்டிருந்தது. எந்த வருஷம் போனது என்றுகூட எனக்குத் தெரியாது.

"அம்மாட்ட சொல்லட்டா?"

"வேண்டாத்தா."

அந்த வாரம் முழுக்க மில்லில் காதை விரித்து வைத்துக்கொண்டு நடந்தேன். ஒரு நாள் பெரிய மேஸ்திரி எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தவர் நின்றார். தலையைச் சாய்த்தார். என்னைத் தாண்டிப் போய், நான் நின்ற இடத்திலிருந்து நாலாவது ஸ்பிண்டிலுக்கு எண்ணெய் விட்டார். நான் அவரை விடப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

தை மாதம் ஆபீஸில் கூப்பிட்டார்கள். எனக்கு ஆட்களை வேலை வாங்க வராது, நூல் ஒட்டுகிற வேலையே போதும் என்று சொல்லிவிட்டேன். மேஸ்திரி வெளியே வந்து, "ஏலே, கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு" என்றார். அவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. செவிடன் என்று தெரிந்தால் இருக்கிற வேலையும் போய்விடுமோ என்று பயந்தேன். உன் அம்மாவிடம் சொன்னால் மில்லை விடச் சொல்வாள். விட்டுவிட்டு எங்கே போவது? கூச்சமும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

"அவனவன் காலைப் பிடிச்சு வாங்குத வேலை. வீடு தேடி வந்ததை வேண்டாம்னு சொல்லிட்டு வந்து சோறு திங்க உக்காந்திருக்கீக" என்றாள் அம்மா. மூன்று மாதம் சரியாகப் பேசவில்லை. சோற்றுத் தட்டை என் முன்னால் நங்கென்று வைப்பாள். அந்தச் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. நான் பகலில் தூங்கும்போது முன்பு போலவே கொலுசுச் சத்தம்கூட வராமல் பூனை மாதிரி நடந்தாள், அக்காவையும் நடக்க வைத்தாள். அவ்வளவு சிரமம் வேண்டியதில்லை என்று எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும்.

அதற்கு அடுத்த ஞாயிறுகளில் வீட்டுக்காரர் கூடத்தில் அக்கா என்னை ஒட்டி உட்கார்ந்துகொள்வாள். ஒல்லிக்காரர் அடிக்கிற நேரம் என் மணிக்கட்டில் விரலால் ஒரு தட்டு தட்டுவாள். அதுதான் டிங். அப்படித்தான் அந்தச் சிரிப்பை நான் சரியாகத் தெரிந்துகொண்டேன். ஒரு தடவை அவர் அடித்தபோது அவள் தட்டவில்லை. அன்றைக்கு நிஜமாகவே சத்தம் வரவில்லை. கம்பியை உலுக்கிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். எல்லோரும் உருண்டு சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அது எல்லா வாரமும் நடந்ததுதானே.

உண்மையைச் சொன்னால், சரியான சிரிப்பைவிட என் தப்பான சிரிப்புதான் எனக்குப் பெரியது. இப்போது பார்க்கும்போதும் அதற்குத்தான் சிரிக்கிறேன். அந்த ஏழு பேரும் எப்போதோ செத்திருப்பார்கள். இன்னும் அதே இடத்தில் நாற்காலி உடைகிறது, அதே இடத்தில் அவர் எழுந்து கோட்டை இழுத்துவிடுகிறார். ஒருவர்கூட அலுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை. இத்தனை வருஷ நடைக்குப் பிறகு எனக்கு அலுத்துவிட்டது. அவர்களைப் பார்க்கிற அரை மணி நேரம் அது மறந்திருக்கும். நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான்.

போன ஞாயிறு நீ அக்கா உட்காருகிற பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். உனக்குத் தட்டத் தெரியாது, அது உன் தப்பில்லை. அடுத்த தடவை ஒல்லிக்காரர் கையை ஓங்கினால் என் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டு.

எனக்குக் காது மந்தம் என்பது இப்போது உன் அம்மாவுக்குத் தெரியும். அந்தத் தை மாதத்திலேயே அப்படித்தான் என்பது தெரியாது. அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும், நீயே வாசித்துக் காட்டு. நான் அந்த நேரம் வெளியே போய்விட மாட்டேன், சாப்பிட உட்கார்ந்திருப்பேன். தட்டை நங்கென்று வைத்தால் வைக்கட்டும். அது எனக்கு இப்போதும் கேட்கும்.