பூஜையில் வைத்த புகார்

பாலியல் குற்றங்களுக்கு வழக்குப் போடக் காலக்கெடுவே கூடாது என்று போன வாரம் பேப்பரில் யாரோ எழுதியிருந்தார்கள். இன்று அதற்கு ஒரு வாசகர் கடிதம்: "இத்தனை வருஷம் இவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" பேப்பரைக் கசக்கி எறிந்தேன். என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நான் சொல்கிறேன்.

எழுபதுகளின் பின்பாதி. கொச்சியில், மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வயது. முதலாளி எங்கள் தமிழ்க்காரர்களுக்குள் பெரிய மனிதர். ஒரு மத்தியானம் அறைக் கதவைச் சாத்திவிட்டு என் மேல் கை வைத்தார். உதறிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். அப்புறம் அந்த வேலைக்குப் போகவில்லை.

அப்பா அன்றே போலீசுக்குப் புகார் எழுதினார். மேலே தேதி, கீழே என் கையெழுத்து. ஆனால் கொடுக்கவில்லை. எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள். "அதுகள் ரெண்டுக்கும் கல்யாணம் ஆயிடட்டும்டீ. அதுவரைக்கும் சரஸ்வதிகிட்ட இருக்கட்டும்" என்றார். அது நவராத்திரி சமயம். புத்தகங்களோடு புகாரையும் பூஜையில் வைத்தார். விஜயதசமியன்று எடுத்து, ஒருமுறை படித்துவிட்டு, அலமாரியில் பத்திரப்படுத்தினார். அடுத்த வருஷமும் அப்படியே. பூஜையில் வைத்தது வீண்போகாது என்று நானும் நம்பினேன், மக்கு.

பெரிய தங்கை கல்யாணத்தில் அந்த மனிதர் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் இலையில் பிரதமன் பாயசம் விட்டது நான்தான்.

நாலு விஜயதசமி போயிற்று. சின்னவளும் புக்ககம் போன பிறகு, படகேறி எறணாகுளத்தில் ஒரு வக்கீலிடம் போனோம். பாலக்காட்டுத் தமிழர். புகாரை வாசித்துவிட்டுத் தேதியின் மேல் விரலை வைத்தார்.

"இந்தக் குத்தத்துக்கு மூணு வருஷம்தான் கெடு. அது கழிஞ்சா கோர்ட்டு எடுக்காது. தாமதத்துக்குத் தக்க காரணம் வேணும். தங்கை கல்யாணம்னா கேக்க மாட்டா."

பொய் என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் என் அப்பா தாழ்ந்த குரலில் கேட்டார்: "தேதியை மாத்தி எழுதிண்டு வரட்டுமா?"

வேண்டாம் என்றார் வக்கீல்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. யார் மேல் காட்டுவது? திரும்பிவந்து மட்டாஞ்சேரி படகுத்துறையில் இறங்கினால், எதிரே அந்த முதலாளி.

"அப்பாவும் பொண்ணுமா எங்க போயிட்டு வரேள்?"

அப்பாவின் கைகள் பழக்கத்தில் தாமாகவே குவிந்தன. "சும்மா, எறணாகுளம் வரைக்கும்" என்றார். புகார் அவர் சட்டைப்பையில் இருந்தது.