அலோன் கிடங்கில் ஒரு சுரங்கத் தொட்டி

திருமண நாளுக்கு எங்கே போகலாம் என்று என் கணவர் சேகர் கேட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். "யாங்கோன்" என்று பதிலையும் அவரே சொன்னார். எனக்கு ஷ்வேடகோன் பகோடாவைப் பார்க்க ஆசை. அவருடைய ஆசை வேறு. தவாய்ப் பக்கத்து வெள்ளீயச் சுரங்கம் ஒன்றில் வெள்ளைக்காரன் காலத்தில் ஓடிய குட்டி ரயிலின் சாமான்கள் அங்கே ஒரு கிடங்கில் கிடப்பதாக யாரோ இணையக் குழுவில் எழுதியிருந்தார்களாம். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இவருக்கு இதே பைத்தியம். ஜனவரியில் மூன்று நாள் போனோம். அதில் இரண்டு நாளை இந்த இரும்பு தின்றது.

டாக்சிக்காரர் கோ செயின் யாங்கோனின் தின்கன்ஜூன் பகுதியில் இருப்பவர். அம்மா தமிழ், அப்பா பர்மியர். "தமிழ் காதுக்குப் புரியும், வாய்க்கு வராது" என்றார், தமிழிலேயே. அரை நாளுக்கென்று முன்பே பேசிக்கொண்டோம்.

கிடங்கின் சொந்தக்காரருக்கு லத்தா கடைப்பகுதியில் இரும்புக்கடை. ஒன்பது மணிக்குப் போய் நின்றோம். முதலாளி வரவில்லை. கடைவாசலில் வெங்காய மூட்டைக்கும் கைவண்டிக்கும் இடையே பிளாஸ்டிக் முக்காலியில் நண்பகல் வரை உட்கார்ந்திருந்தேன். முதலாளி வந்து, கோ செயின் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஏதோ பர்மியத்தில் சொல்லிக் கையை வீசினார்.

"என்ன சொல்றார்?"

"பழைய இரும்பு, போய்ப் பாருங்க. அவ்ளோதான்."

இந்த ஒரு வரிக்குத்தான் அவ்வளவு நேரம்!

அங்கிருந்து கிடங்கு இருக்கும் அலோன் மூன்று கிலோமீட்டர் இருக்கும். குழு நண்பர் குறித்துக் கொடுத்த இடம் வரைபடத்தில் ஆற்றின் நடுவே இருந்தது. லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, மூன்று வாசலில் விரட்டப்பட்டு, நான்காவதில் உள்ளே விட்டார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், சாமான்கள் நன்றாகவே இருந்தன. வளைந்த தண்டவாளத் துண்டுகள், கம்பிவடம் ஓடிய பெரிய உருளை, நான்கு ஜோடிச் சக்கரம். ஒரு மூலையில், சக்கரத்தோடு முழுசாக, தாது அள்ளிய இரும்புத் தொட்டி வண்டி. சேகர் ஓடியே போய்விட்டார். தொட்டி நிறையத் தண்ணீர், மேலே தார்ப்பாய்.

காவல்காரரின் மனைவி மா லெட்சுமி, அங்கேயே பிறந்த தமிழ்க்காரர், துணி அலசிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும்.

"அம்மா, இந்தத் தண்ணிய இறைச்சிட்டா அடியில கம்பெனி முத்திரை இருக்கான்னு பாத்துடுவேன்" என்றார் சேகர்.

"இறைக்கவா? நல்லா சொன்னீங்க ஐயா! மீ வந்தாத்தான் பம்பு ஓடும், இது நெறையும்." மீ என்றால் கரண்ட். "இன்னைக்கு விடியக்காலம் வந்துது. மறுபடி எப்ப வரும்னு யாரு கண்டா? மூணு வீட்டுக்கு இதான் தண்ணி."

"இது மியூசியத்துல இருக்க வேண்டியதும்மா. நான் எழுதிப் போடறேன், ஆளுங்க வருவாங்க."

மா லெட்சுமி துணியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அக்கா, வந்தா எடுத்துட்டுப் போயிருவாங்களா?"

"எடுத்துட்டுத்தான் போவாங்க" என்றேன்.

"ஒரு பிளாஸ்டிக் டிரம் வாங்கிக்கலாமே" என்றார் சேகர்.

"ரெண்டு டிரம் வச்சோம், ரெண்டும் திருடு போச்சு. இத எவனும் தூக்க முடியாது."

ஆனாலும் திரும்பும் வழியில் சேகர் படங்களோடு முகவரியையும் குழுவுக்குத் தட்டிக்கொண்டிருந்தார். இணையம் ஆமை வேகம், போகவில்லை. எனக்கு அடக்க முடியவில்லை.

"அவங்க குடிக்கிற தண்ணிங்க அது. உங்களுக்கு இரும்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுமா?"

கோ செயின் ரேடியோவை அணைத்தார். பிறகு சேகர், "அடியில ஒரு ஓரமா ஒழுகுது, கவனிச்சியா?" என்றார். முகவரியை அழித்துவிட்டுப் படங்களை மட்டும் அனுப்பினார்.

மறுநாள் திருமண நாள். காலையிலேயே லத்தாவில் ஒட்டுப்பசை தேடி அலைந்தோம். மூன்று வீட்டாரும் பிடித்துத் தொட்டியில் தண்ணீர் குறைந்ததும் சேகர் மண்டியிட்டு ஓட்டையை அடைத்தார். மா லெட்சுமி எங்களுக்கு மொகிங்கா, அதாவது மீன் குழம்பில் போட்ட நூடுல்ஸ், வாங்கி வந்து கொடுத்தார். முத்திரை கடைசிவரை கிடைக்கவில்லை. பகோடாவை விமான நிலையம் போகும் வழியில், காரிலிருந்து பார்த்தேன்.

போகிறவர்களுக்கு: மழையில்லாத மாதங்களில் போங்கள். லத்தாவில் நண்பகலுக்கு முன் முதலாளிகளைத் தேடாதீர்கள். டாலரை மடிக்காத நோட்டாகக் கொண்டு போங்கள், மடிந்ததை மாற்றித் தரமாட்டார்கள். கிடங்கின் முகவரி கேட்டு எனக்கு எழுத வேண்டாம், தரமாட்டேன். நீங்களாகவே கண்டுபிடித்துவிட்டால், வெளியே நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை இறைக்கச் சொல்லாதீர்கள்.