மூன்றாம் தொட்டியில் காணாமல் போன மீன்கள்

கடல் உயிரினக் காட்சியகத்தில் தொட்டி கழுவும் அவருக்குத் தன் நிழலையே நம்பாத புத்தி. பால்காரர் ஊற்றும் பாலைக்கூட மோந்து பார்த்துத்தான் அடுப்பில் வைக்க விடுவார்.

அவர் பொறுப்பிலிருந்த மூன்றாம் தொட்டியில், ஒரே வாரத்தில் நான்கு குட்டி நீல மீன்கள் காணாமல் போயின. ஒன்றுகூடச் செத்து மிதக்கவில்லை. அந்த அறைச் சாவி இருவரிடம்தான் உண்டு. ஒன்று அவரிடம், இன்னொன்று இரை போடும் மச்சினனிடம். மனைவியின் தம்பியான அவனை வேலைக்குச் சிபாரிசு செய்ததே இவர்தான்.

வளர்ப்பு மீன் கடைகளில் அந்த மீனுக்கு ஏகக் கிராக்கி. போதாதா? மச்சினன் வெளியே போன நேரம் பார்த்து, தொட்டி கழுவிய ஈரக் கையோடே அவன் பையைத் துழாவினார். தண்ணீர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எதுவும் அகப்படவில்லை. பலே கைகாரன் என்று சந்தேகம் இன்னும் முற்றியது. மனைவியிடம் சொன்னதற்கு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் காலை மேலாளர் காதில் போட்டுவைத்தார். மச்சினனிடமிருந்த சாவி பறிபோனது.

அன்று மதியமே ஐந்தாவது மீன் போயிற்று, இவர் கண்ணெதிரிலேயே. பாறையில் பூப்போல விரிந்திருந்த கடல் சாமந்தி, காட்சியகத்துக்குப் புதுசு. கூடவே வந்த கோமாளி மீன் அதற்குள் படுத்துப் புரள்வதால், சாதுப் பிராணி என்றே நினைத்திருந்தார். நீல மீன் அதை லேசாக உரசியது. ஆணி அடித்தாற்போல நின்றுவிட்டது. பதறிப்போய்க் கையுறை போடாமலே உள்ளே கையை விட்டார். முன்கையில் சுருக்கென்றது. மீன் கடல் சாமந்தியின் நடுவாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

தடித்த கைக்கு மருந்து தடவிக்கொண்டே மீன் டாக்டரம்மா விளக்கினார். இதழாகத் தெரிபவை கைகள். அவற்றில் ஆயிரக்கணக்கான கொட்டும் செல்கள். ஒவ்வொன்றினுள்ளும் விஷ நூல் சுருண்டு கிடக்கும். இரை பட்டால் கண்ணிமைக்கும் முன் ஈட்டியாகப் பாயும். சொறிமீன் கொட்டுவதும் இப்படித்தான். கோமாளி மீனை அதன் மேல்தோல் வழுவழுப்பு காப்பாற்றுகிறது.

எரியும் கையோடு நேரே மேலாளரிடம் போனார். "தப்பு என்னோடது சார். அவன் மேல வீண் பழி போட்டுட்டேன்."

சாவியை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். மச்சினன் அங்கே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான்.

"பையெல்லாம் ஈரமா இருந்துச்சு மாமா, அப்பவே தெரிஞ்சுபோச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

இவர் சாவியை நீட்டினார்.

சாவியை வாங்கிக்கொண்டவன், மூன்று மாதம் அக்கா வீட்டுப் படி மிதிக்கவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கூட்டிக்கொண்டு இவரே அவன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"உள்ள வாக்கா" என்றான் அவன். மாமாவைப் பார்க்கவில்லை, ஆனால் கதவை அவருக்கும் சேர்த்துத் திறந்து பிடித்திருந்தான்.